மயக்கத்தில் இருப்பவரின் கால் துடிக்க வேண்டும்: எம்இபி எடுக்கப் பழகுபவர்களுக்கு

முதுகு வளைவை நிமிர்த்தும் ஆபரேஷனில் கால் பிழைத்ததா என்று தெரிந்துகொள்ள, ஒரு காலத்தில் பாதியில் ஆளை எழுப்பி "காலை ஆட்டுங்க" என்பார்கள். இப்போது மண்டையில் மின்துடிப்பு கொடுத்துத் தசையில் வரும் அலையைப் பார்க்கிறோம், அந்த அலைதான் எம்இபி.

மெஷினைத் தொடும் முன் மயக்க மருத்துவரிடம் பேசிவிடுங்கள், பாதி வேலை அங்கேதான் முடிகிறது. விழித்திருப்பவருக்கு ஒரே துடிப்பு போதும்: நரம்பிழையை நேரடியாகத் தூண்டும் டி அலைக்குப் பின்னாலேயே இடைநரம்புகள் வழியாக ஐ அலைகளும் வரிசையாக இறங்கி, தண்டுவடத்தின் முன்கொம்பு செல்லை, அதாவது தசையை இயக்கும் நரம்பு செல்லை, உசுப்பிவிடும். செவோஃப்ளுரேன் போன்ற மயக்க வாயுக்கள் ஐ அலைகளை அமுக்கிவிடும், முன்கொம்பு செல்லையும் மந்தமாக்கும். அதனால் மயக்கத்துக்குப் புரோபோஃபாலும் வலிக்கு ரெமிஃபென்டானிலும் ரத்தக் குழாய் வழியே போகட்டும், தேவைப்பட்டால் கொஞ்சம் கீட்டமின். தசைத் தளர்ச்சி மருந்து மூச்சுக் குழாய் போடுவதற்கு மட்டும், அதன் வேகமும் இறங்கிவிட்டதா என்று டிரெயின் ஆஃப் ஃபோரில் (நரம்பில் நான்கு துடிப்பு விட்டுத் தசையைப் பார்க்கும் சோதனை) பார்த்த பிறகே முதல் அலையை எடுங்கள்.

மின்முனைகள் உச்சந்தலையின் இரு பக்கமும், சி3, சி4 அல்லது சி1, சி2 என்று குறிக்கப்படும் இடங்களில். எந்தப் பக்கம் நேர்முனையோ அதற்கு எதிர்ப்பக்கக் கை கால்தான் முதலில் துடிக்கும். ஒற்றைத் துடிப்பு இங்கே எடுபடாது. 2 முதல் 4 மில்லி விநாடி இடைவெளியில் 5 துடிப்புகளை ஒரு தொடராக விட்டால் டி அலைகள் ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்து, ஐ அலை இல்லாத குறையை ஈடுகட்டும். சில நூறு வோல்ட் தேவைப்படும், கீழிருந்து ஏற்றுங்கள்.

அப்புறம் நாக்கு. துடிப்பு விடும்போது தாடை படக்கென்று கடிக்கும், அதனால் இரண்டு பக்கக் கடைவாய்ப் பற்களுக்கு நடுவிலும் மெத்தென்ற துணிச்சுருள் வைத்து, நாக்கு நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள், குப்புறப் படுக்கவைத்த பிறகு இன்னொரு முறையும். நான் பழகிய நாட்களில் ஒருமுறை இந்த இரண்டாவது பார்வையை விட்டுவிட்டேன், மறுநாள் அந்தப் பெண்ணின் வீங்கிய நாக்கைப் பார்க்க எனக்கே கூசியது.

சரி, அலை காணாமல் போனால்? புதியவர்கள் உடனே வோல்ட்டை ஏற்றுவார்கள், அதைச் செய்யாதீர்கள். முதலில் கையில் வரும் அலையைப் பாருங்கள். கையிலும் அலை எடுப்பதே இதற்குத்தான். கையும் காலும் சேர்ந்து போயிருந்தால் மருந்து, ரத்த அழுத்தம், உடல் சூடு, கழன்ற மின்முனை என்று தேடுங்கள். ஒரு கை மட்டும் போனால் தோள் இழுபட்டுக் கிடக்கலாம், கையை நகர்த்திப் பாருங்கள். கை அப்படியே இருந்து கால் மட்டும் போனால் ஒரு நொடியும் தாமதிக்காமல் சர்ஜனிடம் சத்தமாகச் சொல்லுங்கள், மயக்க மருத்துவரிடம் ரத்த அழுத்தத்தை ஏற்றச் சொல்லுங்கள், சர்ஜன் கடைசியாக என்ன செய்தார் என்று கேளுங்கள். நேரம் ஆக ஆக, எல்லாம் சரியாக இருந்தாலே வோல்ட் தேவை மெல்ல ஏறும். ஆனால் மெல்ல ஏறுவது வேறு, முதுகெலும்பை நிமிர்த்தும் ராடைத் திருப்பியதும் அலை விழுவது வேறு. அதனால்தான் ஒவ்வொரு அலைக்குப் பக்கத்திலும் மணியையும் சர்ஜன் செய்துகொண்டிருந்த வேலையையும் குறித்துவையுங்கள் என்கிறேன்.