வயிற்றைக் காயப்போடாமல் மளிகைச் செலவைக் குறைப்பது எப்படி?

மளிகைக்கு எடுத்து வைத்த பணம் மாதம் பாதியிலேயே தீர்ந்துபோனால் பல வீடுகளில் முதலில் கை வைப்பது பருப்பில்தான். சாம்பார் தண்ணியாகிவிடும், பிள்ளைகளுக்கு முட்டை நின்றுவிடும். ஆனால் அதே வீட்டுக்கு மாவு பாக்கெட், இஞ்சி பூண்டு விழுது, விதவிதமான மசாலாப் பொடி எல்லாம் வழக்கம்போல வந்துகொண்டே இருக்கும். எனக்கு இது பொறுக்காத விஷயம். சாப்பாட்டைக் குறைக்கவே வேண்டாம். நமக்குப் பதிலாக அரைத்து, இடித்து, பாக்கெட் போட்டுக் கொடுப்பதற்குக் கூலி கொடுக்கிறோமே, அதில் நம்மால் சுலபமாகச் செய்ய முடிந்ததை மட்டும் வீட்டுக்கே திருப்பி எடுத்துக்கொண்டால் போதும். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்தவர்கள், வெளியூரில் அறை எடுத்துச் சமைக்கிறவர்கள் என்று இப்போதுதான் கரண்டி பிடிப்பவர்களுக்காக எழுதுகிறேன். அளவெல்லாம் நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு.

1. போன மாத பில்லைக் கையில் எடுங்கள்

பில் இல்லையென்றால் ஞாபகத்தில் இருப்பதை எழுதிக்கொள்ளுங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், காய், பால் இவற்றைத் தொடாதீர்கள். மிச்சம் இருப்பதில், யாரோ ஒருவர் பாதி சமைத்து நமக்கு விற்றது எது என்று பார்த்து வட்டம் போடுங்கள். இட்லி மாவு, சாம்பார் பொடி, ரசப்பொடி, விழுது, நூடுல்ஸ், வறுத்த சேமியா, சிப்ஸ், தயிர் டப்பா என்று ஒரு வரிசை வரும். அதில் மாதத்தில் அதிகப் பணம் தின்பது எதுவோ அதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் அது மாவுதான், அதனால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

2. மாவை வீட்டில் ஆட்டுங்கள்

கணக்கை முதலில் பார்த்துவிடலாம். இட்லி அரிசி கிலோ 45 ரூபாய், உளுந்து கிலோ 140 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள் (உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்). ஒரு கிலோ அரிசிக்குக் கால் கிலோ உளுந்து என்றால் 45-ம் 35-ம் சேர்ந்து 80 ரூபாய். வெந்தயம், உப்பு, கரண்டு எல்லாம் சேர்த்தாலும் 90-ஐத் தாண்டாது. இதற்குக் கிட்டத்தட்ட மூன்று கிலோ மாவு கிடைக்கும். கடை மாவு கிலோ 50 ரூபாய் என்றால் அதே மூன்று கிலோ 150 ரூபாய். வாரம் ஒருமுறை ஆட்டினால் மாதம் எவ்வளவு நிற்கிறது என்று நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

ரேஷன் அரிசி வாங்குகிற வீடு என்றால் செலவு இன்னும் இறங்கும். தமிழ்நாட்டில் 2011 ஜூனில் இருந்து அரிசி அட்டைக்கு அரிசி இலவசம், அந்தப் புழுங்கல் அரிசி மூன்று பங்கு, இட்லி அரிசி ஒரு பங்கு என்று கலந்து ஆட்டினால் இட்லி நன்றாகவே வரும். அரிசியைக் கழுவும்போது சில மணிகள் வெள்ளைவெளேரென்று மிதக்கும், அதைப் பார்த்துப் பயந்து பிளாஸ்டிக் அரிசி என்று சொல்லித் தூக்கி எறிகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அது செறிவூட்டப்பட்ட அரிசி. இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துச் செய்த மணிகளை நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்திருப்பார்கள். அதை அப்படியே சேர்த்து ஊற வையுங்கள்.

சரி, செய்முறை. அரிசியை நாலைந்து முறை நன்றாகக் கழுவி நாலு மணி நேரம் ஊற வையுங்கள். தோல் நீக்கிய முழு உளுந்தும் ஒரு டீஸ்பூன் வெந்தயமும் தனியாக, ஒரு மணி நேரம் போதும். ஊறவைப்பதற்கு முன்பே உளுந்தைக் கழுவிவிடுங்கள், ஏனென்றால் அது ஊறிய தண்ணீரைத்தான் ஆட்டும்போது தெளிக்கப்போகிறோம். கிரைண்டரில் முதலில் உளுந்து. தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் கை கையாகத் தெளித்து, இருபத்தைந்து முப்பது நிமிடம் ஓட விடுங்கள். மாவு பொங்கி, வழித்தால் பஞ்சு மாதிரி கையில் நிற்க வேண்டும். ஒரு சொட்டைக் கிண்ணத் தண்ணீரில் போட்டால் மிதக்கும், அதுதான் பதம். முங்கினால் இன்னும் ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். அப்புறம் அரிசியைப் போட்டு, விரலில் தேய்த்தால் மெல்லிய ரவை போல நெருடும் வரை அரைத்து, கல் உப்புப் போட்டுக் கையாலேயே கரைத்து வையுங்கள். கிரைண்டர் இல்லாதவர்கள் மிக்சியில் அரைக்கலாம். ஆனால் ஜார் சூடேறினால் உளுந்து பொங்காது, அதனால் ஐஸ் தண்ணீர் விட்டு, விட்டு விட்டு அரைக்க வேண்டும்.

பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். வெயில் காலத்தில் எட்டு மணி நேரத்தில் புளித்துவிடும், மார்கழியில் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகும். பொங்கியதும் உடனே ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். முதல் இரண்டு நாள் இட்லி, அடுத்த இரண்டு நாள் தோசை, அதற்கப்புறம் புளிப்பு ஏறிய மாவில் வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டிக் குழிப்பணியாரம் அல்லது ஊத்தப்பம். கடைசிக் கரண்டி வரை பயன்பட்டால்தான் ஆட்டியதற்குப் பலன்.

3. குழம்புப் பொடி

மல்லி அரை கிலோ, வற்றல் மிளகாய் கால் கிலோ, துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, மிளகு, சீரகம் தலா 50 கிராம், வெந்தயம் 25 கிராம், விரலி மஞ்சள் 50 கிராம். இதை வைத்தே சாம்பார், புளிக்குழம்பு, காரக்குழம்பு எல்லாம் ஒப்பேற்றிவிடலாம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பாக்கெட் வேண்டியதில்லை. காரம் குறைவாகச் சாப்பிடுகிறவர்கள் மிளகாயை 200 கிராமாக்கிக்கொள்ளுங்கள். மல்லி, மிளகாய், மஞ்சளை மொட்டை மாடியில் நல்ல வெயிலில் மொறுமொறுவென்று காய வைத்து, மற்றதை வெறும் சட்டியில் வாசம் வரும் வரை வறுத்து, ரைஸ் மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்ளுங்கள். மஞ்சளை மட்டும் தட்டி உடைத்துப் போட வேண்டும். அரைத்த பொடி சூடாக வரும். அதைப் பேப்பரில் பரப்பி நன்றாக ஆற விட்டுத்தான் டப்பாவில் அடைக்க வேண்டும், இல்லையென்றால் வேர்த்துக் கட்டி பிடித்துவிடும்.

இதற்கெல்லாம் ஏற்ற காலம் மாசி, பங்குனி. புது மிளகாய், புதுப் புளி இரண்டும் அப்போதுதான் சந்தைக்கு வரும், வெயிலும் கிடைக்கும். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, நிறமும் காரமும் அளவாக இருக்கும், கிடைத்தால் பாதிக்குப் பாதி சேர்த்துக்கொள்ளுங்கள். புளியைக் கொட்டையோடு வாங்கினால் விலை குறைவு. கொட்டையும் நாரும் எடுத்து, ஒரு நாள் வெயிலில் வைத்து, கல் உப்பைத் தூவி ஜாடியில் அழுத்தி வைத்தால் வருஷத்துக்கும் கெடாது.

4. பருப்பைக் குறைக்காமல் பருப்புச் செலவைக் குறைப்பது

துவரம்பருப்பு விலை எப்போது எகிறும் என்று சொல்லவே முடியாது. 2015-ல் கிலோ 200 ரூபாய் வரை போனதைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். அதனால் ஒரே பருப்பை நம்பி இருக்கக் கூடாது. ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம்பருப்பையும், 25 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு லிட்டர் பாமாயிலையும் வாங்காமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து விடாதீர்கள். வெளியில் வாங்கும்போது விலை பார்த்து, பாதி துவரை பாதி பாசிப்பருப்பு அல்லது மைசூர் பருப்பு என்று கலந்து சாம்பார் வைக்கலாம், ருசியில் பெரிய வித்தியாசம் தெரியாது.

வாரத்தில் இரண்டு நாள் பருப்பே வேண்டாம், பயறு போடுங்கள். தட்டைப்பயறு கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, மொச்சைக் குழம்பு, பச்சைப்பயறு கடைசல். இவை இருக்கும் நாளில் தனியாகப் பொரியல்கூடத் தேவைப்படாது, ஒரு அப்பளமோ வடகமோ போதும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது கொள்ளு. ஒரு டம்ளர் கொள்ளை இரவே ஊற வைத்துக் குக்கரில் ஆறேழு விசில் விட்டு, வெந்த தண்ணீரை வடித்து ரசம் வைத்துவிட்டு, கொள்ளைச் சின்ன வெங்காயம், பூண்டு, வற்றல் மிளகாயோடு அரைத்துத் துவையலாக்கினால், ஒரே வேக்காட்டில் ஒரு வேளைச் சாப்பாடு முடிந்துவிடும். முட்டையையும் நிறுத்தாதீர்கள். கறியும் மீனும் விற்கிற விலைக்கு, கையைக் கடிக்காத புரதம் அதுதான்.

5. காய்

உங்கள் ஊரில் உழவர் சந்தை இருந்தால் காலையிலேயே போய்விடுங்கள். 1999-ல் மதுரை அண்ணா நகரில் முதலாவது ஆரம்பித்தது, இப்போது பல ஊர்களில் இருக்கிறது. இடைத்தரகர் இல்லை, அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள், பேரம் பேசத் தெரியாதவர்களுக்கு இது பெரிய உதவி. போகும்போது “இன்றைக்கு பீன்ஸ் பொரியல்” என்று முடிவு செய்துகொண்டு போகாதீர்கள். பலகையில் எது மலிவோ அதுதான் சமையல். மலைக்காய்களை விட நாட்டுக்காய்கள் அநேகமாக விலை குறைவாகத்தான் இருக்கும். சுரை, பூசணி, புடலை, கத்தரி, அவரை, முருங்கை, அப்புறம் கீரை.

தக்காளி ஏறும்போது கை நடுங்க வேண்டாம். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது சென்னையில் ரேஷன் கடையிலேயே 60 ரூபாய்க்கு விற்றார்கள். அந்த மாதிரி நாட்களில் மோர்க்குழம்பு, எலுமிச்சை ரசம், மாங்காய் போட்ட சாம்பார், பருப்புத் துவையல் என்று தக்காளியே இல்லாமல் ஒரு வாரம் ஓட்டலாம்.

வாங்கிய காயில் எதைத் தூக்கிப் போடுகிறோம் என்பதையும் பாருங்கள். பீர்க்கங்காய்த் தோல் குப்பைக்குப் போகக் கூடாத பொருள். காயை முதலிலேயே நன்றாகக் கழுவிவிட்டுத் தோல் சீவுங்கள். இரண்டு காயின் தோலுக்கு ஒரு மேசைக்கரண்டி உளுத்தம்பருப்பு, மூன்று வற்றல் மிளகாய் கணக்கு. ஒரு டீஸ்பூன் எண்ணெயில் பருப்பைச் சிவக்க வறுத்து, மிளகாயையும் வறுத்து எடுத்து வைத்துவிட்டு, அதே சட்டியில் தோலைப் போட்டு வதக்குங்கள். முதலில் பச்சை வாடை தூக்கலாக அடிக்கும், ஏழெட்டு நிமிடத்தில் அது போய், தோல் சுருண்டு நிறம் மங்கும். அப்போது இறக்கி, கொட்டைப்பாக்களவு புளி, உப்புச் சேர்த்துக் கொரகொரப்பாக அரையுங்கள். சூடான சோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தால் தொட்டுக்கொள்ள எதுவுமே வேண்டாம். முற்றல் காய் என்றால் மட்டும் தோல் நாராக இருக்கும், அதை விட்டுவிடுங்கள். முள்ளங்கியின் இலையைப் பொரியலாக்கலாம், காலிஃபிளவர் தண்டு குருமாவுக்குப் போகும், கொத்தமல்லித் தண்டை நசுக்கி ரசத்தில் போடலாம்.

6. எண்ணெயும் கேஸும்

எண்ணெய்க் கவரை வாங்கும்போது மில்லியைப் பாருங்கள். பக்கத்துப் பாக்கெட்டை விட ஐந்து ரூபாய் குறைவு என்று எடுப்போம், உள்ளே எண்ணெயும் குறைவாக இருக்கும். ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிக்கு என்ன விலை என்று பாக்கெட்டிலேயே சின்னதாகப் போட்டிருக்கும், அதை வைத்து ஒப்பிடுங்கள். வீட்டில் மாத எண்ணெயை ஒரே பாத்திரத்தில் ஊற்றி வைக்காமல் வாரத்துக்கு ஒரு பாட்டிலாகப் பிரித்து வைத்தால் கை தானாக அடங்கும். பொரிப்பதற்குச் சின்னக் குழிந்த இருப்புச் சட்டி போதும், எண்ணெய் மிஞ்சாது, மிஞ்சியதைத் திரும்பத் திரும்பக் காய்ச்சவும் வேண்டியிருக்காது.

கேஸுக்கு ஒன்றுதான் சொல்வேன், ஊற வையுங்கள். அரிசி, பருப்பு எல்லாம் அரை மணி நேரம் ஊறினாலே விசில் குறையும். குக்கரில் அடுக்குப் பாத்திரம் வைத்துச் சோறும் பருப்பும் ஒன்றாக ஏற்றுங்கள், அடங்கும் வரை மூடியைத் தொடாதீர்கள், உள்ளே இருக்கும் ஆவியிலேயே மிச்சம் வெந்துவிடும்.

7. மிஞ்சியதற்கு ஒரு வழி

ராத்திரிச் சோறு மிஞ்சினால் தண்ணீர் ஊற்றி வையுங்கள், காலையில் மோரும் சின்ன வெங்காயமும் இருந்தால் பழைய சோறு. வெயில் காலத்தில் அதிகம் மிஞ்சினால் பச்சை மிளகாய், சீரகம், உப்போடு அரைத்துத் துணியில் கிள்ளி வைத்து வடகமாக்கலாம். மிஞ்சிய இட்லியை உதிர்த்து உப்புமா. தயிர் புளித்தால் மோர்க்குழம்பு. டப்பாத் தயிருக்குப் பதில் வெதுவெதுப்பான பாலில் ஒரு ஸ்பூன் உறை ஊற்றினால் மறுநாள் தயிர் தயார்.

அடுத்த மாத லிஸ்ட் எழுதும் முன் அலமாரியில் உள்ள எல்லா டப்பாக்களையும் திறந்து பார்த்து, பாதிக்கு மேல் இருப்பதை எழுதாதீர்கள். அடியில் கொஞ்சமாகக் கிடக்கும் பயறு, அவல், ரவை எல்லாவற்றையும் மாதக் கடைசி வாரச் சமையலுக்கு ஒதுக்குங்கள். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் மாற்ற முயற்சி செய்ய வேண்டாம், இந்த வாரம் மாவு மட்டும் போதும், கை பழகியதும் தயிர், பங்குனி வெயில் வந்ததும் பொடி.