மலைநாட்டில் மரப்படகுக்குப் பெயின்ட் பூசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலைநாட்டின் காசல்ரீ, மவுசாகலை, கொத்மலை நீர்த்தேக்கங்களின் ஓரத்தில் மீன் பிடிக்கவும் அக்கரைக்குப் போய்வரவும் பிளைவுட்டில் தட்டையடிப் படகு ஒன்றைத் தாமே செய்துகொள்கிறவர்கள் உண்டு. பலகையை அறுத்துப் பொருத்துவதில் அவர்கள் பெரும்பாலும் கெட்டிக்காரர்கள்தாம். கோளாறு பெயின்ட் டின்னைத் திறக்கும்போதுதான் தொடங்குகிறது. யோசனை சொல்கிறவர் நீர்கொழும்பிலோ சிலாபத்திலோ இருக்கும் நண்பராக இருப்பார். அவர் சொல்வது அவருடைய ஊருக்குச் சரி. அங்கே உப்புத் தண்ணீர், காலை முதலே காயும் வெயில். இங்கே நன்னீர், குளிர், பிற்பகல் மூன்று மணிக்கே இறங்கிவிடும் மூடுபனி. கரையோரத்து வைத்தியம் மலையில் பலிக்காது.

முதலில் ஈரம். தென்மேல் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், நோர்ட்டன் பிரிட்ஜ், வட்டவளைப் பக்கத்தை ஊறவைத்துவிடும். அந்த மாதங்களில் தகரக் கொட்டிலுக்குள் வைத்த பலகைகூடக் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கும். தொட்டால் காய்ந்ததுபோல் தெரியும்; அதை நம்பக் கூடாது. ஒரு சாண் அளவு தெளிவான பொலித்தீனை மரத்தின் மேல் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி, வெயில் படும் இடத்தில் ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் முத்துமுத்தாக நீர் துளிர்த்திருந்தால் அந்தப் படகுக்கு இன்னும் நாள் இருக்கிறது. எப்பொக்சி (பெயின்ட்டுக்குமுன் மரத்தில் பூசும், இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பிசின்) பூசும் மரத்தில் ஈரப்பதன் 12 சதவீதத்தை ஒட்டி இருப்பது நல்லது. 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். மேலே பூசும் பெயின்ட் அதை உள்ளே வைத்துப் பூட்டிக் கொடுக்கும். மேற்குச் சரிவில் இந்த வேலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை ஏற்ற காலம். பதுளைப் பக்கத்தவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்களுக்கு ஜூன் முதல் செப்டெம்பர் வரை வறண்ட காலம்.

மாதத்தைச் சரியாகப் பிடித்தவர்களும் மணியில் தவறுகிறார்கள். மரத்துக்கு எப்பொக்சியை மாலையில் பூசு என்பது படகு கட்டுவோரிடையே உள்ள பொது விதி. காரணம் நியாயமானதே: மரம் சூடேறும்போது அதற்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியே வந்து பூச்சில் குமிழ் குமிழாக நிற்கும், மரம் குளிரும்போது பூச்சை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் நுவரெலியாவில் மாலை என்றால் பனி. காலையில் பூசினால் குமிழ், மாலையில் பூசினால் பனி என்று இரண்டு பக்கமும் இடி. நடுவழி இதுதான்: காலை முழுவதும் படகைக் கவிழ்த்து வெயிலில் வைத்துச் சூடாக்குங்கள். நண்பகல் கடந்ததும் நிழலுக்கு இழுத்து, ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையே பூசி முடித்துவிடுங்கள். பனி இறங்குமுன் பூச்சு ஓரளவு இறுகிவிடும்.

அன்றைய காற்று எப்படி என்று அறிய மலைநாட்டவருக்கு ஒரு வசதி இருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் இடத்தில் உலர்குமிழ், ஈரக்குமிழ் (குமிழில் ஈரத்துணி சுற்றியது) வெப்பமானிகள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். இரண்டும் காட்டும் வித்தியாசம் குறையக் குறையக் காற்றில் ஈரம் கூடுதல். அங்கே வேலை செய்கிறவர் எவரையாவது கேட்டாலே போதும், அவற்றை வாசிக்கக் கற்றுத்தருவார். அதுபோல ஒன்றைக் கொட்டிலில் தொங்கவிடுங்கள். இரண்டுக்கும் இடையே இரண்டு பாகைக்கும் குறைந்த வித்தியாசம் என்றால் அன்று பிரஷைத் தொட வேண்டாம். மூன்று, நான்கு என்றால் தாராளமாகத் தொடங்கலாம். மேற்பூச்சான எனாமல் பெயின்ட் பூசிய மறுநாள் காலையில் பளபளப்பு போய் வெள்ளையாக மங்கிக் கிடப்பதற்குக் கடைக்காரரைத் திட்டுகிறவர்களில் பாதிப் பேர் உண்மையில் திட்ட வேண்டியது பனியைத்தான்.

கொட்டிலைச் சூடாக்குவதற்காக விறகு மூட்டுவதும் மண்ணெண்ணெய் அடுப்பு வைப்பதும் கூடாது. எரியும்போது அவை நீராவியையும் வெளிவிடும். தின்னர் ஆவி நிறைந்த இடத்தில் நெருப்பு என்பது சொல்லவே வேண்டியதில்லை.

இனி எப்பொக்சியின் குணம். இலங்கையின் பைபர் படகுகள் பொதுவாகப் பொலியெஸ்டர் பிசினில் ஆனவை என்பதால் நம் ஆட்களின் கைப்பழக்கம் முழுவதும் அதில்தான். குளிராக இருக்கிறதே என்று இறுகுவதற்கான திரவத்தைச் சற்றுக் கூடுதலாக ஊற்றுவது பொலியெஸ்டரில் ஓரளவுக்கு நடக்கும். எப்பொக்சியில் அது நடக்கவே நடக்காது. டின்னில் எழுதிய விகிதத்தை மீறிக் கூட்டினால் வேகமாக இறுகாது. கடைசிவரை பிசுபிசுப்பாகவே கிடக்கும். வேகம் வேண்டுமென்றால் குளிருக்கென்று விற்கும் வேகமான வகையை வாங்குங்கள். கலக்கும் முன் இரண்டு டின்களையும் வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் நிறுத்தி வையுங்கள். விலை குறைவு என்று மரத்தின் மேல் நேராகப் பொலியெஸ்டரைப் பூசுவதையும் நான் ஆதரிக்க மாட்டேன். அது மரத்தை எப்பொக்சிபோல் பிடிக்காது; சில மழைக்காலங்களில் பைபர் துணியோடு தோலாக உரிந்து வரும்.

குளிரிலும் ஈரத்திலும் இறுகிய எப்பொக்சியின் மேல் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத மெழுகுபோன்ற படலம் ஒன்று படியும். விரலால் தேய்த்தால் வழுக்கும். பலர் உடனே உப்புத்தாளைக் கையில் எடுக்கிறார்கள். அப்படித் தேய்த்தால் மெழுகு கீறல்களுக்குள் அப்பிக்கொள்ளும், தாளும் அடைத்துப்போகும், பிறகு பூசும் எனாமல் நாள்கணக்கில் காயாமல் ஒட்டும். தின்னரும் அதை அகற்றாது. அது நீரில் கரையும் பொருள். வெறும் தண்ணீரும் பாத்திரம் கழுவும் பச்சை நாரும் போதும். தேய்த்துக் கழுவி, பழைய துணியால் ஒற்றி, நன்றாகக் காயவிட்ட பிறகுதான் உப்புத்தாள்: எப்பொக்சிக்கு 80ஆம் இலக்கத் தாள், பிரைமருக்குமுன் (எனாமலுக்கு அடியில் போகும் பூச்சு) 120, எனாமல் பூச்சுகளுக்கு இடையே 220. கண்ணாடிபோல் வழவழப்பாக்கிவிட்டால் பெயின்ட் பிடிக்க இடம் இராது.

பள்ளங்களை அடைக்கக் கராஜில் கார் உடம்புக்குப் பூசும் புட்டியை வாங்கிவருவது இன்னொரு வழக்கம். அது தண்ணீரை உறிஞ்சும். நீர்மட்டத்துக்குக் கீழே அதற்கு வேலையே இல்லை. உப்புத்தாள் போட்டபோது விழுந்த மெல்லிய மரத்தூளை எப்பொக்சியில் குழைத்து அப்பினாலே நல்ல புட்டி கிடைக்கும்.

பலகையின் அகன்ற பரப்பை அழகாகப் பூசிவிட்டு ஓரங்களை மறப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய பிழை என்பேன். பிளைவுட்டின் வெட்டுமுகத்தைக் கிட்டத்தில் பாருங்கள்: ஒரு அடுக்கில் நார்கள் நீளவாக்கில், அடுத்ததில் நுனி வெளியே தெரிய. அந்த நுனிகள்தாம் தண்ணீரைக் குடிக்கும் வாய்கள். முதல் பூச்சு சில நிமிடங்களில் காணாமற்போகும். மேலும் மேலும் பூசி, உறிஞ்சுவதை நிறுத்தும்வரை விடாதீர்கள். திருகாணித் துளைகளுக்கும் துடுப்புக் கொளுவிக்கான துளைக்கும் இதே கவனிப்பு வேண்டும். கூர்மையான விளிம்புகளைச் சற்று உருட்டிவிடுங்கள். கூரான முனையில் எந்தப் பெயின்ட்டும் மெலிந்து விலகிவிடும், அங்கேதான் முதலில் உரியும்.

உட்புறத்தை வெறுமனே விடுவதும் இந்த வகைதான். உப்புநீர் பூஞ்சணத்தை ஓரளவு தடுக்கும். படகுக்குள் தேங்கும் மழைநீர் அதை வளர்க்கும். நம் படகுகள் உள்ளிருந்துதான் உக்குகின்றன.

எனாமலை இளக்க மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், காய்வது தாமதமாகி மங்கும். அதற்கு டர்பன்டைன் இருக்கிறது. வீதி வேலையில் மிஞ்சிய தாரை அடியில் பூசினால், பிறகு எந்தப் பெயின்ட் பூசினாலும் தார் அதன்வழியே கசிந்து கறுக்கும். தார் பூசினால் தாரோடு நிற்க வேண்டியதுதான். சிப்பி ஒட்டாமல் இருக்கச் செம்பு கலந்த கடற்படகுப் பெயின்ட்டும் வேண்டாம். நீர்த்தேக்கத்தில் கடற்சிப்பி இல்லை. படகு பெரும்பாலும் கரையில்தான் கிடக்கிறது. செம்பு மீனுக்கு நஞ்சு. அந்தப் பணத்தைப் படகின் அடிப்பாகத்துக்குச் செலவிடலாம். மவுசாகலையில் நீர் வற்றும்போது நீர்த்தேக்கத்தில் மூழ்கிய பழைய மஸ்கெலியா ஊரின் இடிபாடுகள் வெளியே தெரியும். கல்லும் கட்டையும் உரசும் அடிப்பாகத்தைப் பெயின்ட் மட்டும் காப்பாற்றாது. எப்பொக்சியில் தோய்த்த பைபர் துணி ஒன்றும், தேய்ந்தால் கழற்றி மாற்றக்கூடிய மரச்சட்டம் ஒன்றும் போடுங்கள். மேல் விளிம்புக்கு மஞ்சளோ செம்மஞ்சளோ பூசினால் மூடுபனியில் எதிரே வருகிறவருக்குத் தெரியும்.

கடைசிப் பூச்சு தொட்டால் ஒட்டவில்லை என்றவுடன் படகைத் தண்ணீரில் இறக்க ஆசை வரும். குளிரில் எனாமல் உள்ளே இறுக இரண்டு வாரமாவது கொடுங்கள். நகத்தால் அழுத்தினால் தடம் விழக் கூடாது. பின்னாளில் கீறல் விழுந்தாலும் அன்றே பெயின்ட் தடவி மூடாதீர்கள். கூரைக்கடியில் கட்டைகள் மேல் கவிழ்த்துச் சில நாள் உலரவிட்டு, முதலில் எப்பொக்சி, அது இறுகியபின் எனாமல்.