ஒரு நாவலை முடிக்கும்வரை இன்னொன்றைத் தொடாதீர்கள்

லேப்டாப்பில் ஒரு நாவல் எட்டாம் அத்தியாயத்தோடு நிற்கும், கூகுள் டாக்ஸில் ஒரு குறுநாவல் மூன்று பக்கம் இருக்கும், போனில் ஒரு திகில் கதைக்குத் தலைப்பு மட்டும். எழுத ஆசைப்படுகிற பலருடைய நிலைமை இதுதான். யோசனைக்குப் பஞ்சமில்லை, முடித்தது என்று காட்டத்தான் ஒன்றும் இருக்காது.

முதலில் கையில் இருக்கிற எல்லாக் கதைகளையும் ஒரே தாளில் எழுதி, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எது விற்கும், எது போட்டிக்கு ஆகும் என்று பார்க்க வேண்டாம். எந்தக் கதையின் ஆட்கள் பேசுவது காதில் கேட்கிறதோ, எதன் முடிவு மங்கலாகவாவது தெரிகிறதோ, அதுதான். இரண்டு சமமாக நின்றால் அதிகப் பக்கம் எழுதியதை எடுங்கள்.

மற்றவற்றை அழிக்காதீர்கள். கதை எங்கே நிற்கிறது, அடுத்து என்ன நடக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் எழுதி, ஒரு ஃபோல்டரில் போட்டு மூடுங்கள். இல்லையென்றால் மறந்துவிடுமோ என்ற பயத்திலேயே அடிக்கடி திறந்து பார்ப்பீர்கள்.

அப்புறம் கணக்கு. தினம் 500 சொல் என்றால் 100 நாளில் 50,000 சொல். பக்கத்துக்கு 200 சொல் என்று வைத்தால் 250 பக்க நாவலின் முதல் வரைவு. அதே 500 சொல்லை மூன்று கதைக்குப் பிரித்தால் எதுவும் 300 நாளுக்கு முன்னால் முடியாது. ஒவ்வொரு முறையும் விட்ட இடத்தைப் பிடிக்கப் பழைய பக்கங்களைப் படிக்கிற நேரம் தனி.

உண்மையான சிக்கல் நடுவில்தான் வரும். தென்காசிப் பக்கம் பீடி சுற்றுகிற ஒரு பெண்ணைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆரம்பம் தானாக ஓடும்: மடியில் முறம், இலை வெட்டுகிற கத்தரி, அவளுக்கு வேலையும் கூலியும் கொடுக்கிற, கட்டுகளைப் பிரித்துப் பார்த்துச் சரியில்லை என்று கழிக்கிற பீடிக் கடைக்காரர். எட்டாம் அத்தியாயத்தில் அவள் அவரோடு சண்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அடுத்து என்ன? தெரியவில்லை. சரியாக அந்த வாரம்தான் ஒரு பேய்க்கதை மனதில் வந்து பளபளக்கும். அது அவ்வளவு அழகாகத் தெரிவதற்குக் காரணம், அதில் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை, அதனால் ஒரு சிக்கலும் வரவில்லை என்பதுதான். “கடைசி பஸ், கடைசி சீட், டிக்கெட் வாங்காத பாட்டி, கண்டக்டர் கண்ணுக்கு மட்டும் தெரிகிறாள்” என்று குறித்து, தேதி போட்டு, நோட்டை மூடுங்கள். திரும்பப் பீடிக்காரியிடம் வந்து, இன்று ராத்திரி அவளிடம் யார் என்ன கேட்பார்கள் என்று பாருங்கள். மகள் பள்ளிக்கூடத்துக்குக் கட்டப் பணம் கேட்கட்டும், கையில் வேலையும் இல்லை, கூலியும் வரவில்லை. அத்தியாயம் நகர்ந்துவிடும்.

ஒவ்வொரு நாளும் அடுத்த வரி தெரிந்திருக்கும்போதே நிறுத்துங்கள், மறுநாள் உட்கார்ந்ததும் கை ஓடும்.

ஒரே மூச்சில் முடிகிற கவிதை, சின்னக் கட்டுரை இதெல்லாம் இந்தக் கட்டுப்பாட்டில் வராது, தாராளமாக எழுதுங்கள். கதையைக் கைவிடலாமா என்ற கேள்வியை மட்டும் சிக்கி நிற்கிற நாளில் எடுக்காதீர்கள். ஒரு காட்சி நன்றாக வந்த நாளிலும் அந்த ஆட்கள்மேல் உங்களுக்கு அக்கறை வரவில்லை என்றால் விட்டுவிடலாம்.

முதல் வரைவு முடிந்ததும் ஒரு மாதம் ஆறப்போடுங்கள், உடனே திருத்த உட்கார்ந்தால் குறை எதுவும் கண்ணில் படாது. பேய்க்கதையைத் தொட அந்த மாதம் சரியான நேரம்.