லம்பினுக்கு வாசம் எதற்கு?

போன வாரம் தம்பி மனைவி கொடியில் லம்பின், அதாவது பிள்ளைக்கு இடுப்பில் கட்டும் மூத்திரத் துணி, காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கிட்டப் போனதுமே கமகமவென்று பூ வாசம். "சாஃப்ட்னர் போட்டியாம்மா?" என்றேன். "ஆமா அண்ணி, பிள்ளைக்கு மெத்துன்னு இருக்கட்டுமேன்னு" என்றாள். ஆறு வருடத்துக்கு முன்னால் மலேசியாவில் இதே சுங்கை சிப்புட் ஊரில் நானும் அப்படி நினைத்துத்தான் ஊற்றினேன்.

மடிப்பது, மாற்றுவதெல்லாம் இரண்டு நாளில் கைக்கு வந்துவிடும். அதை விடுங்கள். துவைப்பதிலும் வாங்குவதிலும் நாம் செய்யும் தவறுகளைச் சொல்கிறேன்.

சாஃப்ட்னர்

துணி மெத்தென்று ஆவது, நூலின் மேல் வழவழப்பாக ஒரு படலம் ஒட்டிக்கொள்வதால்தான். துவாலைக்கே அது ஆகாது. மூத்திரத்தை உறிஞ்சவென்றே தைத்த துணிக்கு எப்படி ஆகும்?

எனக்கு இது தெரியவில்லை. இரண்டே வாரத்தில் தொடை இடுக்கில் ஒழுக ஆரம்பித்தது. எலாஸ்டிக் தளர்ந்துவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் அளவு சரியில்லை என்று நினைத்தேன். கடைசியில், வாங்கியதே மட்டமான சரக்கு என்று முடிவுகட்டி, புதிதாகப் பன்னிரண்டு வாங்கி, அவற்றையும் அதே சாஃப்ட்னரில் அலசினேன். அந்தக் காசை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான்.

கண்டுபிடித்தது என் மாமியார். தோட்டத்து லயத்தில் பழைய கைலியைக் கிழித்துக் கட்டியே நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். ஒரு லம்பினை மேசையில் விரித்து விரலால் தண்ணீர் தெளித்தார். சேம்பிலையில் நிற்பதுபோல உருண்டு நின்றது. "துணியே தண்ணி குடிக்கலையே, அப்புறம் எங்க தாங்கும்?" என்றார்.

சாதாரண சவர்க்காரத் தூள் போட்டுச் சுடுதண்ணீரில் துவைத்து, அலசும் தண்ணீரில் நுரை வராதவரை அலசினேன். நான்கு முறை ஆனது. இதெல்லாம் மூத்திரத்தை உறிஞ்சும் உள்துணிக்கு மட்டும்தான். தண்ணீர் புகாத மேலுறையைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டால் உள்பூச்சு உரிந்துவிடும்.

தொடையில் தடவும் களிம்பும் சாஃப்ட்னர் செய்யும் வேலையைத்தான் செய்யும். தடவியே ஆக வேண்டுமென்றால் நடுவில் மெல்லிய துண்டுத்துணி ஒன்று வையுங்கள்.

சவர்க்காரத்தைக் குறைப்பது

பிள்ளைத் துணி என்று பயந்து அரைக் கரண்டித் தூள் போடுகிறார்கள். அழுக்கு முழுதாகப் போகாது. மிச்சம் இருக்கும் மூத்திரத்தில் கிருமிகள் யூரியாவை அம்மோனியாவாக்கும். காலையில் லம்பினை அவிழ்த்ததும் கண்ணைக் கரிக்கிறதே, அது இதுதான். தூளைத் தாராளமாகப் போட்டு நன்றாக அலசுங்கள்.

புதிதை அப்படியே கட்டுவது

பருத்தியானாலும் மூங்கில் துணியானாலும் ஐந்தாறு முறை துவைத்த பிறகுதான் முழுதாக உறிஞ்சும்.

வாளியில் ஊறப்போடுவது

வேண்டாம். தவழும் பிள்ளை இருக்கிற வீட்டில் தண்ணீர் நிறைந்த வாளியே வேண்டாம்.

ஒரே ரகத்தில் இருபத்து நான்கு

முதலில் ஆறு வாங்குங்கள். பிள்ளையின் தொடை எப்படி என்று தெரிந்த பிறகு மீதி.

அக்டோபர் மழையை மறப்பது

மத்தியானம் வரை வெயில் கொளுத்தும். மூன்று மணிக்குக் கொட்டும். அதனால் காலையிலேயே துவைத்துவிட வேண்டும். பை மாதிரி தைத்த ரகமென்றால் உள்துணியை உருவித் தனியாகப் போடுங்கள், சீக்கிரம் காயும். மழைக்காலத்துக்கென்று உள்துணி மட்டும் ஐந்தாறு கூடுதலாக வைத்துக்கொண்டால் போதும், முழு லம்பின் வாங்கத் தேவையில்லை.

தம்பி மனைவியின் சாஃப்ட்னர் போத்தலில் இன்னும் பாதி இருக்கிறது. தம்பி சட்டைக்கு ஊற்றிக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.