மெல்லிய செரிஃப் எழுத்துரு: அழகு கெடாமல் பயன்படுத்துவது எப்படி?

ஆங்கிலத் தலைப்புகளுக்கு நளினமான செரிஃப் ஃபான்ட் (எழுத்து முனைகளில் சின்னக் கோடுகள் உள்ளது) தேடுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது கார்மரன்ட் கரமாண்ட். 16ஆம் நூற்றாண்டில் பாரிஸில் எழுத்து அச்சுகள் செதுக்கிய குளோட் கரமோனின் பாணியை ஒட்டி, கிறிஸ்டியன் தால்மன் வடிவமைத்தது. இலவசம், வணிக வேலைகளுக்கும் தடையில்லை.

படி 1: நிறுவுங்கள். கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் பெயரைத் தேடி, ஜிப் கோப்பை இறக்கி, விரித்து நிறுவிக்கொள்ளுங்கள். லைட் முதல் போல்ட் வரை ஐந்து தடிமன்கள் உண்டு, சாய்வெழுத்துகளும் உண்டு. தமிழ் எழுத்துகள் இதில் கிடையாது.

படி 2: பெரிதாக்கிப் பாருங்கள். இந்தப் படியை மட்டும் அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள். ஒரு சொல்லை லைட்டில் தட்டி 150 பாயிண்ட் வையுங்கள். 'ஓ' (o) எழுத்தின் பக்கங்கள் தடித்தும், மேலும் கீழும் வரும்போது இழையாக மெலிந்தும் இருக்கும். 'இ' (e) எழுத்தின் கண், அதாவது உள்ளே மூடிய வெற்றிடம், மிகச் சிறியது. 'எச்' (h), 'டி' (d) போன்றவற்றின் தண்டுகள் உயர்ந்து நிற்க, மற்ற சின்ன எழுத்துகளின் உடல் குள்ளமாக இருக்கும். இந்த எழுத்துருவின் அழகு முழுக்க இந்த ஏற்றத்தாழ்வில்தான் இருக்கிறது.

இப்போது அதையே 10 பாயிண்டுக்குக் குறையுங்கள். இழைகள் திரையில் சாம்பல் பூத்துப் போகும், கண் அடைபட்டதுபோலத் தெரியும். ஆகவே இதைத் தலைப்புக்கும் மேற்கோளுக்கும் வையுங்கள், நீண்ட பத்திகளுக்கு வேண்டாம். 24 பாயிண்டுக்குக் கீழே போனால் லைட்டை விட்டு மீடியத்துக்கு மாறிவிடுங்கள்.

படி 3: இடைவெளி. தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்துகளில் (கேப்பிடல்) என்றால் எழுத்திடைவெளியை 5 முதல் 10 சதவீதம் கூட்டுங்கள், சட்டென்று கம்பீரம் வந்துவிடும். சின்ன எழுத்துகளில் (ஸ்மால் லெட்டர்) அதைச் செய்யவே கூடாது, சொல் உதிர்ந்துபோகும். சுற்றிலும் வெற்றிடம் தாராளமாக விடுங்கள். நெருக்கடியில் இந்த ஃபான்ட் காணாமல் போய்விடும்.

படி 4: துணை. பத்திகளுக்கு இபி கரமாண்ட் போடலாம். அதே மரபு, ஆனால் சற்றுத் தெம்பான உடல். செரிஃப் இல்லாத எளிய எழுத்துருவும் பொருந்தும். இன்னொரு மெல்லிய அலங்கார ஃபான்டைப் பக்கத்தில் வைத்தால் இரண்டுமே எடுபடாது.

படி 5: நிறம். வெள்ளைத் தாளில் கறுப்பு அல்லது அடர்ந்த நிறம் போதும். வெளிர் சாம்பல் வேண்டாம். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக அச்சிடும்போது மை பரவி இழைகளை விழுங்கிவிடும். அங்கே செமிபோல்டுக்குக் குறைந்து வைக்காதீர்கள்.

படி 6: அச்சுக்கு முன். உண்மையான அளவிலேயே ஒரு பிரதி எடுத்து, கை நீட்டும் தூரத்தில் பிடித்து வாசியுங்கள். இழைகள் மறைந்தால் ஒரு தடிமன் கூட்டுங்கள். சரியாக இருந்தால் ஃபான்டை உட்பொதித்த பிடிஎஃப் கோப்பாக அச்சகத்துக்கு அனுப்புங்கள்.