கொக்கு பறந்தால் மான் தலைநிமிர வேண்டும்: ஆர்.பி.ஜி. உலகில் விலங்குகளை வாழவைக்கும் முறை

ஓர் ஆர்.பி.ஜி. (ஒரு கதாபாத்திரமாக மாறி ஆடும் கணினி விளையாட்டு) உலகத்துக்கு விலங்குகளைச் சேர்க்க உட்காரும் குழு முதலில் எழுதுவது பெயர்ப் பட்டியல்தான். மான், ஓநாய், முயல், கழுகு, கரடி, மூன்று வகைப் பட்டாம்பூச்சி. அந்தப் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். நாற்பது இனங்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் உலவினால் அது கூண்டில்லாத உயிரியல் பூங்கா. ஐந்தே இனங்கள் ஒன்றுக்கொன்று அஞ்சியும் ஒன்றை ஒன்று தின்றும் பிழைத்தால், விளையாடுபவர் அதைக் காடு என்று நம்பிவிடுவார்.

சிறிய குழு ஒன்றில் விலங்குகளின் நடத்தைக்கு நிரல் எழுதுவது என் வேலை. இப்போது கையில் இருப்பது ஒரு சதுப்பு நிலம். தவளை, கொக்கு, நீர்நாய், மான், ஓநாய் என்று குடியிருப்போர் ஐந்தே பேர். ஒவ்வொன்றுக்கும் ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதிய பிறகுதான் அடுத்த வேலை. எதைத் தின்னும்? யாருக்கு அஞ்சும்? எப்போது விழித்திருக்கும்? பயந்தால் எங்கே போகும்? என்ன ஒலி எழுப்பும்? நான்காவது கேள்வியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். எங்கள் ஓவியர் அருமையான காட்டுப்பன்றி ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார். பயந்தால் அது எங்கே ஓடும் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. ஆகவே அது கோப்புறையில் காத்திருக்கிறது.

அடுத்து ஓர் ஆசையை அடக்க வேண்டும்: உணவுச் சங்கிலி முழுவதையும் உண்மையாகவே இயக்கிவிடலாம் என்ற ஆசை. 1997-இல் வெளிவந்த 'அல்டிமா ஆன்லைன்' விளையாட்டை உருவாக்கியவர்கள் இதை முயன்று பார்த்தார்கள். புல்லைத் தின்னும் விலங்கு, அதைத் தின்னும் விலங்கு, இரை குறைந்தால் இடம் மாறும் வேட்டையாடி என்று அதன் வடிவமைப்பாளர்களில் ஒருவரான ராஃப் கோஸ்டர் விரிவாகத் திட்டமிட்டிருந்தார். விளையாட வந்தவர்களோ கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டித் தள்ளினார்கள். இனப்பெருக்கம் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. ஒவ்வொரு விலங்கும் தன்னைச் சுற்றி இரை தேடிக் கணக்கிடுவது சர்வருக்கும் பெரும் சுமையானது. கடைசியில் அந்த அமைப்பையே எடுத்துவிட்டார்கள். இதில் என்னை அதிகம் உறுத்துவது, அது இயங்கியதைப் பெரும்பாலானோர் கவனிக்கவே இல்லை என்பதுதான். மலைக்கு அப்பால் ஓநாய் பட்டினி கிடக்கிறது என்பது உங்கள் நிரலுக்கு மட்டும் தெரிந்த செய்தி. காரணம் கண்ணில் படாத விளைவு, விளையாடுபவருக்கு வெறும் தற்செயல்.

ஆகவே எண்ணிக்கையைக் கணக்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நிலப்பரப்பைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் எண் கொடுங்கள். விளையாடுபவர் மான்களைக் கொன்றால் அந்த எண் குறையட்டும்; விளையாட்டுக்குள் நாட்கள் நகர நகர மெதுவாக ஏறட்டும். இதற்குமேல் கணிதம் தேவையில்லை. உடனுக்குடன் மறுபடி தோன்றும் விலங்குக்கு நல்ல விலையுள்ள தோலையும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை 2015-இல் வந்த 'தி விட்சர் 3' காட்டியது. வொயிட் ஆர்ச்சர்ட் பகுதியில் மாடுகளைக் கொன்று, விளையாட்டுக்குள் நேரத்தை ஓட்டத் தியானத்தில் அமர்ந்து, திரும்பி வந்த மாடுகளை மறுபடி கொன்று, பலர் பணம் குவித்தார்கள். விளையாட்டைத் திருத்த அடுத்து வெளியிட்ட இணைப்பு ஒன்றில், அளவு மீறி மாடு கொல்பவர் மீது பாயும்படி ஒரு பெரிய அரக்கனை அனுப்பினார்கள். சிரித்துக்கொண்டே கொடுத்த தண்டனை. எனக்கு மிகவும் பிடித்தது. ஆனாலும் தோலின் விலையைத் தொடக்கத்திலேயே குறைத்து வைப்பது எளிது.

வேட்டையாடிகளைக் கஞ்சத்தனமாக வையுங்கள். உணவுச் சங்கிலியின் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு ஆற்றலே போய்ச் சேர்கிறது என்பது சூழலியலில் பொதுவாகச் சொல்லப்படும் விகிதம். 1942-இல் ரேமண்ட் லிண்டமன் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த கருத்து அது. பல ஆர்.பி.ஜி.க்களில் இது தலைகீழ். திருப்பத்துக்குத் திருப்பம் மூன்று ஓநாய்கள். அவை தின்பதற்கு ஒரு முயல்கூடக் கிடையாது. வழிப்போக்கர்களை மட்டுமே தின்று உயிர்வாழும் ஓநாய்க் கூட்டத்தை நான் எத்தனையோ உலகங்களில் பார்த்துவிட்டேன். ஓர் ஓநாய் கண்ணில் படுவதற்கு முன் இருபது இரை விலங்குகளாவது பட்டிருக்க வேண்டும் என்பது நான் வைத்துக்கொண்ட அளவு. அப்போதுதான் ஓநாய் வரும்போது மனம் திடுக்கிடும்.

இனி முக்கியமான இடம்: பயம். உங்கள் உழைப்பில் பாதியை இங்கே கொட்டுங்கள்.

பெரும்பாலான விளையாட்டுகளில் மானுக்கு இரண்டே நிலைகள்: மேய்வது, ஓடுவது. உண்மையான மான் அப்படி இல்லை. முதலில் மெல்லுவதை நிறுத்தும். தலை நிமிரும். காதுகள் உங்கள் பக்கம் திரும்பும். இரண்டடி நகர்ந்து மறுபடி பார்க்கும். அதற்குப் பிறகுதான் ஓட்டம். ஓடத் தொடங்கும்போது உங்களுக்கும் அதற்கும் உள்ள அந்த இடைவெளியைச் சூழலியலாளர்கள் அளந்து ஆராய்கிறார்கள். இனத்துக்கு இனம், சூழலுக்குச் சூழல் அது மாறுகிறது. எங்கள் மான் நாற்பது மீட்டரில் தலை நிமிரும், இருபத்தைந்தில் உறையும், பதினைந்தில் ஓடும். இவை அடிப்படை எண்கள் மட்டுமே. குனிந்து நடந்தால் குறையும். குதிரையில் வந்தாலோ வாளை உருவியிருந்தாலோ கூடும். சற்று முன்தான் ஒருமுறை மிரண்டது என்றால் இன்னும் கூடும். ஒவ்வொரு தனி விலங்குக்கும் இந்த எண்களை இருபது சதவீதம் வரை கூட்டியோ குறைத்தோ மாற்றி வையுங்கள். அப்போது மந்தையில் ஒன்று முந்திக்கொள்ளும், ஒன்று கடைசிவரை தயங்கும். எல்லா மான்களும் ஒரே நொடியில் திரும்பினால் அது அணிவகுப்பு.

ஓடுவதற்கு ஓர் இலக்கு வேண்டும். விளையாடுபவருக்கு நேர் எதிர்த்திசையில் ஓடச் சொல்வது சோம்பேறித்தனம். பாறையில் முட்டிக்கொண்டு நிற்கும் மான்கள் அப்படித்தான் பிறக்கின்றன. தவளை நீருக்கு, முயல் வளைக்கு, மான் மந்தைக்கு, கொக்கு உயரமான மரத்துக்கு. 2011-இல் வந்த 'ஸ்கைரிம்' விளையாட்டில் நரியைப் பின்தொடர்ந்தால் புதையல் கிடைக்கும் என்று வெகுகாலம் பேச்சு இருந்தது. அதில் பணியாற்றிய ஜோயல் பர்ஜெஸ் 2021-இல் அதை விளக்கினார். நரி தப்பிக்கும்போது தூரத்தை மீட்டரில் அளப்பதில்லை. விலங்குகள் நடப்பதற்காகத் தரையில் விரிக்கப்பட்ட முக்கோண வலையில் எத்தனை முக்கோணங்களைத் தாண்டினோம் என்று அளக்கிறது. வெட்டவெளியில் முக்கோணங்கள் பெரியவை, குறைவு. இடிபாடுகளிலும் முகாம்களிலும் அவை சிறியவை, நெருக்கமானவை. ஆகவே நரி போய்ச் சேர்ந்த இடங்கள் பெரும்பாலும் ஏதாவது இருக்கும் இடங்களாகவே அமைந்தன. யாரும் திட்டமிடவில்லை, விளையாடியவர்கள் நரிக்கு ஒரு குணத்தையே கற்பித்துக்கொண்டார்கள். நீங்கள் திட்டமிட்டே இதைச் செய்யலாம். எங்கள் சதுப்பில் நீர்நாய் தப்பியோடும் வளைகளில் ஒன்று, மூழ்கிய கோயிலின் வாசலில் இருக்கிறது.

ஓடிய மான் திரும்பி வரவும் வேண்டும். பாதுகாப்பான தூரத்தில் நின்று, திரும்பிப் பார்த்து, சில நிமிடங்களில் தயங்கித் தயங்கி மேய்ச்சலுக்கு இறங்கும் காட்சிக்கு அனிமேஷன் புதிதாக எதுவும் தேவையில்லை. பயத்தை ஓர் எண்ணாக வைத்து, அதை மெதுவாக வடியவிட்டால் போதும்.

விலங்குகள் ஒன்றையொன்று அறிவது ஒரே ஒரு வசதியால் நடந்துவிடும்: எச்சரிக்கைச் செய்தி. எந்த விலங்கு மிரண்டாலும் இடம், கடுமை, பரப்பு ஆகிய மூன்றையும் அறிவிக்கட்டும். அருகில் உள்ளவை தத்தம் இனத்தின் கூருணர்வால் கடுமையைப் பெருக்கிக்கொண்டு, தங்கள் பயத்தோடு கூட்டிக்கொள்ளட்டும். கொக்கு எழும்பினால் மான் தலைநிமிரும். மான் பாய்ந்தால் தவளைகள் வாய்மூடும். ஒரு செய்தி கைமாறும்போதெல்லாம் கடுமையைப் பாதியாக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் ஒரு தவளை குதித்ததற்கு ஊரே காலியாகிவிடும். இது இருந்தால் விலங்குகள் அலங்காரம் என்ற நிலையிலிருந்து தகவலாக மாறுகின்றன. நாணலுக்குள் கொள்ளையர் பதுங்கியிருந்தால் அங்கே பறவை இறங்காது. கூர்ந்து பார்ப்பவர் பதுங்கலை முன்கூட்டியே கண்டுபிடிப்பார். திறனை வளர்க்க விளையாட்டில் சேர்க்கும் புள்ளி எதுவும் இதற்குச் செலவாகாது.

பறவைக் கூட்டத்துக்கு 1987-இல் கிரெய்க் ரெனால்ட்ஸ் வெளியிட்ட மூன்று விதிகள் இன்றும் போதுமானவை: அருகில் இருப்பதோடு மோதாதே, அண்டை அயலார் பறக்கும் திசையில் பற, கூட்டத்தின் நடுவை நோக்கிச் சாய். எல்லாப் பறவைகளையும் எல்லாவற்றோடும் ஒப்பிடாமல், அருகிலிருக்கும் ஆறேழை மட்டும் பார்த்தால் கணக்கு இலகுவாகும். தொலைவில் பறப்பவற்றுக்கு அதுவும் வேண்டாம். வரைந்து வைத்த பாதையே போதும்.

கணினியின் சுமையைக் குறைக்க விளையாடுபவரைச் சுற்றி மூன்று வளையங்கள். அருகே முழு நடத்தை. நடுவில் நடையும் திசையும் மட்டும். அதற்கப்பால் முன்பு சொன்ன பகுதி எண் மட்டும். 2017-இல் வந்த 'ரெயின் வேர்ல்ட்' ஆர்.பி.ஜி. அல்ல, ஆனாலும் கண்ணுக்கு அப்பாலுள்ள உயிர்களை எளிய வடிவில் நகர்த்திக்கொண்டே இருக்கும் வித்தைக்காக அதைப் பார்த்தாக வேண்டும். ஒரு விலங்கு தோன்றும் தூரத்தைவிட மறையும் தூரம் கூடுதலாக இருக்கட்டும். எண்பது மீட்டரில் தோன்றினால் நூற்றுப்பத்தில் மறையட்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் எல்லையில் நிற்பவருக்கு மான்கள் மின்மினியாகத் தெரியும். தோன்றுவதற்கும் நியாயமான வாசல் வேண்டும்: வளை, நீர், புதர், வானம். பூச்சிகளுக்கு மோதல் கணக்கைத் தயங்காமல் அணைத்துவிடுங்கள். 'ஸ்கைரிம்' தொடக்கக் காட்சியின் வண்டி, உருவாக்கத்தின்போது எதனாலோ தாறுமாறாகத் துள்ளிப் பறந்தது. காரணம் நகர்த்தவே முடியாத ஒரு தேனீ என்று அதில் பணியாற்றிய நேட் பர்க்கிபைல் சொல்லியிருக்கிறார்.

ஒலி மலிவானது, பலன் பெரியது. பார்ப்பதைவிடக் கேட்பது பல மடங்கு இருக்க வேண்டும். விடியலுக்கு முன் பறவைகள், மழைக்குப் பின் தவளைகள், இரவில் சிள்வண்டுகள். வெப்பம் கூடினால் சிள்வண்டின் ஒலி விரைவுபடும். 1897-இலேயே ஆமோஸ் டால்பியர் அதற்கு ஒரு சூத்திரம் எழுதினார். உங்கள் வானிலை அமைப்பில் வெப்ப எண் இருந்தால் அதோடு இணைத்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை. ஒலி மூலங்களும் எச்சரிக்கைச் செய்தியைக் கேட்கட்டும். நீங்கள் நெருங்கியதும் அடங்கி, அசையாமல் நின்றால் ஒவ்வொன்றாகத் தொடங்கும் தவளைகளுக்கு உருவமே தேவையில்லை. எங்கள் சதுப்பில் ஒலிக்கும் தவளைகளில் பெரும்பாலானவை உருவமற்றவை.

சோதிக்கும்போது கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். நீங்கள் இல்லாமலே ஏதாவது நடக்கிறதா? பிறகு நடந்து போங்கள், ஓடிப் போங்கள், வாளை உருவிக்கொண்டு போங்கள். மூன்றுக்கும் ஒரே பதில் வந்தால் பய எண்களைத் திறந்து திருத்துங்கள்.

நேரமோ பணமோ போதாமல் எதையாவது வெட்ட நேர்ந்தால் முதலில் இனங்களின் எண்ணிக்கையை வெட்டுங்கள். அடுத்து உரோமத்தின் நேர்த்தி, அதற்கடுத்து இறந்த உடல் அழுகும் அனிமேஷன். எச்சரிக்கைச் செய்தியைத் தொட வருபவரிடம் மட்டும் சண்டை போடுங்கள்.