வயதானவர்களின் மனநல மாத்திரைகள்: எதை எதோடு சேர்க்கக் கூடாது

சர்க்கரைக்கு அம்பாசமுத்திரத்தில் ஒரு டாக்டர், மனநலத்துக்குப் பாளையங்கோட்டையில் ஒருவர், மூட்டுவலிக்குத் தெருமுனை மெடிக்கல். நம் பக்கத்து ஆச்சி, தாத்தாக்கள் பலருக்கு மருந்து இப்படித்தான் சேர்கிறது. மனநல மாத்திரை சாப்பிடுவதை மட்டும் மற்ற டாக்டர்களிடம் கூச்சப்பட்டு மறைக்கிறோம். பெரிய தவறு இதுதான். மற்றவை இதிலிருந்தே கிளைக்கின்றன.

தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் அல்பிரசோலம், குளோனாசெபம் போன்றவை முதிய உடம்பை விட்டு மெதுவாகத்தான் வெளியேறும். ராத்திரி போட்டதன் மயக்கம் விடிந்தும் தங்கும். பாத்ரூம் போகும்போது தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறியுமோ என்ற பயம் இதனால்தான். இவற்றோடு டிரமடால் கலந்த வலி மாத்திரையோ சாராயமோ சேர்ந்தால் மூச்சே மந்தமாகலாம். மனச்சோர்வுக்குத் தரும் எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் சாப்பிடுபவர்களுக்கும் டிரமடால் ஆகாது: நடுக்கம், வியர்வை, காய்ச்சல், குழப்பம் வரலாம். இந்த இரண்டோடு ஆஸ்பிரினோ, வலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக்கோ சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு உண்டாகலாம். மலம் கறுத்துப் போனால் தாமதிக்க வேண்டாம்.

சளி மாத்திரையை யாரும் மருந்தாகவே நினைப்பதில்லை. அதிலுள்ள குளோர்பெனிரமைன், மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், கை நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்சிஃபெனிடில் மூன்றும் ஒரே திசையில் இழுப்பவை. வாய் வறளும், மலம் இறுகும், சிறுநீர் அடைக்கும், ஆள் அடையாளம் தெரியாமல் பேசுவார்கள். "வயசாயிட்டு, புத்தி தடுமாறுது" என்று நாம் விட்டுவிடுகிறோம். அந்தத் தடுமாற்றத்துக்கு இன்னொரு மாத்திரை வாங்கும் முன், கடைசியாக எந்த மாத்திரை எப்போது சேர்ந்தது என்று பாருங்கள்.

மனநிலை மாறி மாறி ஏறி இறங்கும் நோய்க்குத் தரும் லித்தியம் சாப்பிடுபவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. வலி மாத்திரையான ஐபுப்ரோஃபென், ரத்த அழுத்தத்துக்கான எனலாபிரில், லோசார்டன், சில நீர் மாத்திரைகள் அதை ரத்தத்தில் ஏற்றிவிடும். வயிற்றுப்போக்கும் சித்திரை வெயிலில் நீர் வற்றுவதும்கூட ஏற்றும். கை உதறல், தள்ளாட்டம், வாந்தி, குழறல் வந்தால் அன்றே டாக்டரிடம் காட்டி, ரத்தத்தில் லித்தியம் அளவு பார்க்கச் சொல்லுங்கள்.

இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் திடீரென நிறுத்திவிடாதீர்கள். குளோனாசெபத்தைச் சட்டென விட்டால் வலிப்பு வரும் அபாயம் உண்டு. டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். வீட்டிலுள்ள அத்தனை அட்டைகளையும், சித்த மருந்து, சளி மாத்திரை உட்பட ஒரே பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். எழுப்பியும் எழாமல் கிடந்தால் 108-ஐ அழையுங்கள். அந்தப் பையும் ஆம்புலன்ஸில் கூடவே போகட்டும்.